கும்பத்தில் வைத்த மேப்பிள்

மெல்பேர்னில் உறைபனி விழாது என்று என்னிடம் சொன்னவர்கள் எல்லோரும் கிளென் வேவர்லியில் இருப்பவர்கள். நல்ல பள்ளிக்கூடத்தின் எல்லைக்குள் வீடு வாங்கியவர்கள். அவர்களுடைய முற்றத்தில் பனி விழுந்தாலும், பள்ளிக்கூடத்தின் பெயர் கெட்டுவிடும் என்று பயந்து உடனே உருகிவிடும் போல. எங்களுக்கு அந்த எல்லைக்குள் ஒன்றும் சரிவரவில்லை. நகரம் முடிந்து மலை தொடங்குகிற இடத்தில், ஒரு பள்ளத்துக்குள், ஓடைக்குப் பக்கத்தில் வாங்கினோம். விற்றவன் ‘அமைதியான பள்ளத்தாக்கு’ என்றான். குளிர்காற்று கனமானது, இரவானால் மலையிலிருந்து வழிந்து வந்து பள்ளத்தில் படுத்துக்கொள்ளும் என்பதை அவன் சொல்லவில்லை. அது எங்கள் வீட்டுப் பின்வளவில்தான் படுக்கிறது.

நான் ஆஸ்பத்திரிக் குசினியில் காலை வேலை. நோயாளிகளின் தட்டுகளை அடுக்குகிறவள். விடியமுன் காரை எடுக்கிறபோது வானொலிக்காரன் குளிர் நாலு பாகை என்பான். அது அவனுடைய கட்டடத்துக்கு வெளியே நாலு பாகை. என் கார்க் கண்ணாடியில் ஐஸ் ஒட்டிக்கொண்டிருக்கும். காலாவதியான வங்கி அட்டையால் அதைச் சுரண்டித்தான் வேலைக்குப் போகிறேன். ஆகவே உறைபனி உண்டா இல்லையா என்பதை யாரும் எனக்கு விளக்கத் தேவையில்லை.

இந்தப் பள்ளத்துக்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே என் சிவப்பு மண்சாடிகள் எல்லாம் போய்விட்டன. போன்சாய் மரங்கள் வைத்திருந்த சாடிகள். ஒன்று அப்பளம் போலப் படை படையாக உரிந்தது. ஒன்று அடி தனியாக, உடம்பு தனியாகக் கழன்றது. அடியில் ‘உறைபனிக்குத் தாங்கும்’ என்று ஒட்டுத்தாள் ஒட்டியிருந்த சாடிதான் எல்லாவற்றுக்கும் முதல் வெடித்தது. ஒட்டுத்தாள் மட்டும் நன்றாகத் தாங்கியது. இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சாடிகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்படி உடைந்ததில் தெரிந்ததுதான். குறைந்த சூட்டில் சுட்ட மண் தண்ணீரைக் குடிக்கும். குடித்த தண்ணீர் உறைந்தால் பெருக்கும், பெருத்தால் மண் பிளக்கும். வெளியே பளபளவென்று பூச்சுப் பூசியிருந்தால் ஏமாறக் கூடாது. கவிழ்த்துப் பிடித்து, பூச்சில்லாத அடியில் ஒரு துளி தண்ணீர் விட வேண்டும். உடனே இழுத்துக்கொண்டால் அந்தச் சாடி குடிகாரச் சாடி, வேண்டாம். துளி அப்படியே நின்றால் நன்றாகச் சுட்டது. விரலை மடக்கித் தட்டினால் மணி மாதிரிக் கேட்க வேண்டும், மரப்பெட்டி மாதிரிக் கேட்கக் கூடாது. அடியில் பெரிய ஓட்டை வேண்டும், கால் வேண்டும். எல்லாவற்றையும் விட வடிவம். சுவர் நேராக நிற்கலாம், வெளியே விரியலாம். உள்ளே மட்டும் வளையக் கூடாது. ஈரமண் உறைந்து பெருக்கும்போது, வாய் அகலமாக இருந்தால் மேலே எழும்பித் தப்பிவிடும். வயிறு பெருத்து வாய் சிறுத்திருந்தால் போக வழியில்லை. மண் விட்டுக்கொடுக்காது. சாடிதான் விட்டுக்கொடுக்க வேண்டும்.

என்னுடைய மரங்களில் உருப்படியானது ஒன்றுதான். ஒரு மேப்பிள். ஆஸ்பத்திரிக் கார்த் தரிப்பிடத்தின் வேலியோரம் தானாக முளைத்துக் கிடந்ததை, புல்வெட்டுகிற மெஷின் வரமுன் கரண்டியால் கிண்டி எடுத்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். அடியிலேயே இரண்டாகப் பிரிந்திருந்தது. அதை அப்படியே விட்டு வளர்த்தேன். ஒரு தண்டு பெருத்தது, ஒன்று மெல்லியது. இரண்டையும் கம்பி சுற்றி, வெட்டி, திருப்பி, எத்தனையோ வருடமாக என் முழங்கை உயரத்துக்கு மேல் போகவிடாமல் வைத்திருந்தேன். இலையுதிர்காலத்தில் அது சிவப்பாக நிற்கிறபோது, இந்த வீட்டில் நான் ஒருத்தி தனியாகச் செய்த வேலை இது ஒன்றுதான் என்று தோன்றும். மற்றதெல்லாம் நான் செய்தேன், மற்றவர்கள் சாப்பிட்டார்கள்.

எங்கள் ஆட்களுக்கு போன்சாய் காட்டுவது பெரிய தண்டனை. “இது ஏன் இன்னும் வளரேல்லை?” என்று கேட்பார்கள். “தண்ணி விடுறேல்லையோ? பாவம்.” பிறகு பக்கத்தில் நிற்கும் கறிவேப்பிலையைப் பார்த்து மரியாதையாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போவார்கள்.

என் கணவருக்கு அறுபது வயது வந்தது. அறுபதாம் கலியாணம் செய்ய வேண்டும் என்று தீர்மானித்தது அவருடைய அக்கா. எனக்கு மச்சாள். சிட்னியில் மெரிலேண்ட்ஸில் இருக்கிறார். அங்கே அவருடைய வளவில் வாழை குலை தள்ளுகிறது. ஆகவே அவுஸ்திரேலியா முழுவதும் வாழை குலை தள்ளும் என்பது அவருடைய எண்ணம்.

கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகக் காரில் வந்து இறங்கினார். பின்சீற்றில் ஒரு சாடி. அச்சாகப் பூரண கும்பம். பெருத்த வயிறு, ஒடுங்கிய கழுத்து, சின்ன வாய். கரும்சிவப்புப் பூச்சு, கழுத்தைச் சுற்றித் தங்க நிறத்தில் ஒரு கோடு. கீழே பெயருக்கு ஒரு ஓட்டை. ஹரிஸ் பார்க்கில் ஒரு கடையில் கண்டதும் தம்பியின் நினைவு வந்ததாம்.

“உம்மட அந்தச் சின்ன மரத்தை இதுக்குள்ள வையும்,” என்றார். “மணவறைக்குப் பக்கத்தில வைப்பம். கும்பத்தில மாவிலைதானே வைக்கிறது, இது முழு மரம். எவ்வளவு விசேசம்.”

“மச்சாள், இதுக்குள்ள போன்சாய் வைக்கேலாது.”

“ஏன் வைக்கேலாது? சாடிதானே?”

“வயிறு பெரிசு, வாய் சின்னன்.”

“உமக்கும் எனக்கும் அப்பிடித்தான். நாங்கள் இருக்கேல்லையோ?”

அவருடைய வாய் சின்னது என்று அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன்.

“குளிருக்கு வெடிச்சுப் போகும்,” என்றேன்.

“நல்ல காரியம் நடக்கேக்க வெடிக்கும் கிடிக்கும் எண்டு வாயால சொல்லாதையும்.”

நான் அவரைப் பார்த்தேன். மணமகனை. அவர் சாடியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கடைசியாக நிலத்தைப் பார்த்தார்.

“ஒரு நாளைக்குத்தானே, வையுமன்,” என்றார். “அக்கா சிட்னியிலயிருந்து மடியில வைச்சுக் கொண்டந்தவ.”

“மடியில இல்லையடா தம்பி. சீற்றில. பெல்ற் போட்டு,” என்றார் மச்சாள்.

மகள் போனைப் பார்த்துக்கொண்டே, “அம்மா, ஜஸ்ட் பை எ பிளாஸ்டிக் ஒன்,” என்றாள். அந்த வீட்டில் அன்று பேசப்பட்ட ஒரே அறிவான வசனம் அது. யாரும் காதில் வாங்கவில்லை, நானும் சேர்த்துத்தான்.

வைத்தேன். போன்சாயின் வேர் அகலமாக, தட்டையாக, ரொட்டி மாதிரிப் படர்ந்திருக்கும். அப்படித்தான் அதை வளர்ப்பது. அந்த ரொட்டி கும்பத்தின் வாய்க்குள் போகாது. போகவைக்க ஒரே வழி, சுற்றி வர வெட்டுவது. கராஜுக்குள் நின்று வெட்டினேன். மெல்லிய தண்டின் பக்கத்து வேர்தான் கூடப் போனது, அந்தப் பக்கம்தான் அதிகம் விரிந்திருந்தது. கும்பத்தின் வயிறு ஆழம், நான் கலந்து வைத்த சரளை மண் போதாது. மச்சாள் தோட்டத்து மண்ணை அள்ளி வந்து தானே இட்டு நிரப்பினார். களிமண். மழை பெய்தால் ஒரு கிழமைக்குக் காயாத மண். “நல்ல குளிர்ச்சியான மண்,” என்று மெச்சினார்.

கலியாணம் நன்றாக நடந்தது. வந்தவர்கள் எல்லோரும் மரத்தோடு நின்று படம் எடுத்தார்கள். இத்தனை வருடமாகப் பாவப்பட்டுக் கிடந்த மரம் அன்று திடீரென்று லட்சுமிகரமாகிவிட்டது. ‘ஒரு நாளைக்குத்தானே’ என்றது என்னவாயிற்று என்றால், புறப்படும்போது மச்சாள் காரில் ஏறி, கண்ணாடியை இறக்கி, “ஒரு வருசத்துக்கு அதை அசைக்கக் கூடாது, என்ன?” என்றார். எந்தச் சாத்திரத்தில் அப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் இறங்கி வந்து சொல்லியிருப்பார்.

சரி, அசைக்கக் கூடாதென்றால் கராஜுக்குள்ளாவது இருக்கட்டும் என்றேன். அதுவும் கூடாது. கும்பத்தை வடகிழக்கு மூலையில் வைக்க வேண்டுமாம். எங்கள் வளவின் வடகிழக்கு மூலை ஓடைப்பக்கம். வளவிலேயே தாழ்ந்த இடம், காற்று வந்து படுக்கிற இடம். விடிந்ததும் முதல் வெயிலும் அங்கேதான் விழும். இரவில் உறைந்ததை வெயில் சடாரென்று உருக்கும், அடுத்த இரவில் திரும்ப உறையும். ஒரு சாடியைக் கொல்ல வேண்டும் என்று யோசித்து யோசித்து இடம் தேடினாலும் அதைவிட நல்ல இடம் கிடைக்காது. வாஸ்து அதை இலவசமாகக் காட்டித் தந்தது.

ஆடி மாதம் ஒரு விடியற்காலை, காருக்குப் போகும் வழியில் கைபேசி வெளிச்சத்தை அந்தப் பக்கம் திருப்பினேன். புல்லெல்லாம் வெள்ளை. கும்பத்தின் வாயிலிருந்து அடி வரைக்கும் ஒரு கோடு. தங்கக் கோட்டைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போயிருந்தது. கோட்டுக்குள்ளே ஐஸ் மினுங்கியது. மண்ணை அழுத்திப் பார்த்தேன், கல். மரத்தை மெல்ல அசைத்தேன், அசையவில்லை. அதனுடைய வேர் முழுக்க ஒரு ஐஸ் கட்டிக்குள் நின்றது.

நின்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நானூறு பேருக்குக் காலைச் சாப்பாடு என்னைக் காத்துக்கொண்டிருந்தது. உள்ளே போய் அவரை எழுப்பினேன்.

“கும்பம் வெடிச்சுப் போச்சு. மரத்தில கை வைக்காதையுங்கோ, நான் வந்து பாக்கிறன்.”

அவர் எழும்பி உட்கார்ந்தார். நான் காரைப் பின்னுக்கு எடுக்கிறபோது, யன்னல் வழியாகத் தெரிந்தது. சிட்னிக்குப் போன் போய்விட்டது.

வேலைக்கு இடையில் மச்சாள் என்னை அழைத்தார். சாடி வெடித்தது எனக்குச் செய்தி என்பது போலத் தொடங்கினார்.

“எந்தப் பக்கம் வெடிச்சது?”

“ஓடைப் பக்கம்.”

“அதில்லை. பெரிய தண்டுப் பக்கமோ, சின்னத் தண்டுப் பக்கமோ?”

“அதென்ன கணக்கு?”

“பெரிய தண்டு தம்பி. சின்னது நீர், பெண்சாதி. அண்டைக்கே நான் அப்பிடித்தான் நினைச்சனான், சொல்லேல்லை. இப்ப சொல்லும்.”

“சின்னத் தண்டுப் பக்கம்.”

“அப்பாடா,” என்றார்.

நான் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன். அவர் பேசிக்கொண்டேயிருந்தார். எந்தப் பக்கமாக இருந்தாலும் கும்பம் உடைந்தது உடைந்ததுதானாம். அதுவும் அறுபதாம் கலியாணக் கும்பம். இனி அந்த மரம் வீட்டில் இருக்கக் கூடாதாம். கும்பத்தை உடைத்த மரமாம். நான் சொன்னேன், மரம் உடைக்கவில்லை, மண்ணிலிருந்த தண்ணீர் உடைத்தது, தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது நீங்கள் அள்ளிப் போட்ட களிமண் என்று. “நீர் எல்லாத்துக்கும் ஒரு விளக்கம் வைச்சிருப்பீர்,” என்றார். விளக்கம் வைத்திருப்பது எங்கள் குடும்பத்தில் பெரிய குற்றம்.

அந்தக் கிழமை சிட்னியில் ஒரு கோயிலிலும் மெல்பேர்னில் ஒரு கோயிலிலும் என் கணவருடைய பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை நடந்தது. வைத்தியரிடம் போய்ப் பிரஷர் பார்த்தார், சுகர் பார்த்தார், நெஞ்சில் வயர் ஒட்டிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. வடையைக் குறைக்கச் சொன்னார்கள். அது கும்பம் வெடிக்காமலே நான் சொல்லிக்கொண்டிருந்தது. உறவினர் எல்லோரும் போன் எடுத்து அவருக்கு எப்படி என்று கேட்டார்கள். மரத்துக்கு எப்படி என்று ஒரு மனிதர் கேட்கவில்லை. வெடித்தது மரத்தின் வீடு. செத்துக்கொண்டிருந்தது மரம். அதற்கு நட்சத்திரம் இல்லாததால் அர்ச்சனையும் இல்லை.

வார இறுதியில் அதைக் கழற்றி வேறு பாத்திரத்துக்கு மாற்றலாம் என்றிருந்தேன். அதுவரைக்கும் வெடித்த கும்பத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, வீட்டுச் சுவரோடு அணைத்து, பழைய கம்பளி ஒன்றால் போர்த்து வைத்தேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தால் சுவரோரம் கம்பளி மட்டும் மடித்து வைத்திருந்தது. மடித்திருந்த அழகிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

தோட்டக் குப்பை போடுகிற பச்சை மூடித் தொட்டிக்குள் கிடந்தது. கும்பத்தோடு, கயிறோடு, சரிந்து, வெட்டிய புல்லுக்கு மேல். அடுத்த நாள் விடியக் குப்பை வண்டி வருகிற நாள். தொட்டி தெருவோரம் போய் நின்றது.

நான் அதைப் பக்கவாட்டில் சரித்து, இடுப்பு வரைக்கும் உள்ளே போய் இழுத்தேன். எதிர்வீட்டுக் கிழவன் நாயைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தான். கையசைத்தான். இன்னொரு நாளாக இருந்தால் நானும் அசைத்திருப்பேன்.

அவர் வாசலில் வந்து நின்றார்.

“எறிஞ்சு போட்டீங்கள் என்ன?” என்றேன்.

“எறியேல்லை. உள்ள வைச்சனான்.”

“குப்பைத் தொட்டிக்குள்ள வைக்கிறதுக்கு உங்கட ஊரில என்ன பேர்?”

“சத்தம் போடாதையும், ஆக்கள் பாக்கினம்.”

“பாக்கட்டும். அக்கா சொன்னவ எண்டு அவையளுக்கும் சொல்லுங்கோ.”

“அக்கா சொன்னதுக்கில்லை.” அவர் தொட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “எனக்குப் பயமாக் கிடக்கு.”

ஊரில் போர் நடந்து ஷெல் விழுந்த நாட்களில் பங்கர்க் குழிக்குள் இருந்து சீட்டுக் கடதாசி விளையாடிய மனிதர் இவர். தோற்றவனோடு சண்டையும் பிடித்தவர். அப்படிப்பட்ட ஆளுக்குக் கடையில் வாங்கிய ஒரு சாடி வெடித்ததில் பயம். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. அவருடைய அப்பா அறுபத்தொரு வயதில் போனவர். கொள்ளிக்குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று சுற்று நடந்தது இவர்தான். பின்னாலிருந்து குடத்தைக் கொத்திக் கொத்தித் தண்ணீர் முதுகில் வழிய, கடைசியில் பின்னால் போட்டு உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தவர். உடைந்த குடம் என்றால் இந்த மனிதருக்கு என்ன நினைவு வரும் என்று அந்தக் கிழமை முழுவதும் எனக்கு உறைக்கவில்லை. அவருடைய அக்காவுக்கு உறைத்திருக்க வேண்டும். அதே வீட்டில்தான் அவரும் அழுதவர்.

அதற்காக என் மரத்தை விட முடியாது.

“நீங்கள் செத்தால் நான் அழுவன்,” என்றேன். “நல்லாத்தான் அழுவன். ஆனால் அதுக்கும் இதுக்கும் தொடர்பில்லை. இந்தப் பக்கத்தைப் பிடியுங்கோ.”

பிடித்தார். இரண்டு பேருமாகக் கராஜுக்குள் கொண்டுபோனோம். கும்பம் வெடித்திருந்தாலும் கழுத்து விடவில்லை, மரம் வெளியே வராது. சுத்தியலை எடுத்தேன். அவர் பின்வாங்கினார்.

“நீர் உடைக்காதையும்.”

“உடைஞ்சதைத்தான் உடைக்கிறன். எமன் வந்தால் உடைச்சவள் நானெண்டு கையைக் காட்டிவிடுங்கோ.”

கழுத்தில் ஒரு அடி. தங்கக் கோடு நாலு துண்டாகப் போனது. உள்ளே களிமண் களிம்பு மாதிரி நின்றது, நாற்றம். மெல்லிய தண்டின் பக்கத்து வேர் கறுத்து, விரலால் தொட்டால் தோல் கழன்று வந்தது. மற்றப் பக்கத்தில் கொஞ்சம் வெள்ளை இருந்தது. அழுகியதை மட்டும் வெட்டினேன். மற்றதைக் கழுவாமல், குலைக்காமல், ஆஸ்பத்திரிக் குசினிக்கு மரக்கறி வருகிற வெள்ளை ரெஜிஃபோம் நுரைப்பெட்டி ஒன்றில் சரளை மண்ணைப் போட்டு, அடியில் ஓட்டைகள் குத்தி, அதற்குள் இறக்கினேன். உறைபனிக்கு அதைவிட நல்ல சாடி உலகத்தில் கிடையாது. குளிர் உள்ளே போகாது, வெடிக்காது, தண்ணீர் குடிக்காது. பக்கத்தில் ‘புரொக்கலி’ என்று எழுதியிருக்கும், அவ்வளவுதான் குறை. லட்சுமிகரம் போதாது.

பெட்டியைக் குசினிச் சுவரோடு வைத்தேன். அவர் அடிக்கடி வந்து எட்டிப் பார்த்தார். தான் பார்ப்பதை நான் பார்க்கிறேனா என்றும் பார்த்தார்.

குளிர் முடிகிற நேரம், முளைகள் வீங்கமுன் மரத்தை ஒழுங்கான சாடிக்கு மாற்ற வேண்டும். மலையில் ஒரு பெண் சாடி சுடுகிறாள் என்று கேள்விப்பட்டு ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டேன். அவரும் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து காரில் ஏறினார்.

அவளுடைய கொட்டிலில் நூற்றுக்கணக்கில் சாடிகள். நான் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, போத்தலிலிருந்து ஒரு துளி விட்டு, தட்டிப் பார்த்தேன். சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றவர் தானும் தட்டத் தொடங்கினார். வைத்தியர் தன் நெஞ்சில் செய்ததைத் தான் சாடிகளுக்குச் செய்தார். காதைக் கிட்ட வைத்து, கண்ணை மூடி. இரண்டைத் தள்ளி வைத்தார். “இது சத்தம் சரியில்லை. உள்ளுக்க ஏதோ கிடக்கு.” அந்தப் பெண் வந்து பார்த்துவிட்டு, ஆமாம், ஒன்றில் மயிரிழை வெடிப்பு இருக்கிறது என்றாள். அவருக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. மற்றதற்கு ஒன்றுமில்லை. அதைப் பற்றி அவர் பேசவில்லை.

நான் எடுத்தது சாம்பல் நிறம். பூச்சில்லை, கோடில்லை. தடித்த சுவர், வெளியே விரிந்த வாய், கீழே கால், இரண்டு பெரிய ஓட்டை.

“தோசைக்கல்லுக்கு மதில் கட்டின மாதிரிக் கிடக்கு,” என்றார்.

“ஓம். மதில் வெளியால சரிஞ்சிருக்கு. அதுதான் வேணும்.”

“வெடிக்காதோ எண்டு அவளிட்டக் கேளும்.”

கேட்டேன். அவள் தோளைக் குலுக்கினாள். நல்ல சூட்டில் சுட்டது, மற்றவற்றைவிட நீண்ட காலம் நிற்கும், வெடிக்கவே வெடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதே என்றாள். மொழிபெயர்த்துச் சொன்னேன். அந்தப் பதிலுக்கு அவர் குழம்பிப்போவார் என்று நினைத்தேன். தலையை ஆட்டினார். “உண்மையைச் சொல்லுறாள்,” என்றார். இரண்டு கோயில் அர்ச்சனை செய்யாததை அது செய்தது போலிருந்தது. காரில் வரும்போது தூங்கிவிட்டார்.

மரத்தைச் சாம்பல் சாடியில் வைத்து, கம்பியால் கட்டி, காத்திருந்தேன். மேப்பிள் முளைக்கிறபோது முதலில் சின்னச் சிவப்பு நுனிகள் வரும். பெரிய தண்டில் வந்தன. மெல்லிய தண்டில் இல்லை. பிந்தி வரும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பெரிய தண்டில் இலை விரிந்து கை மாதிரி ஆனது. மெல்லியதின் பட்டை சுருங்கியது. நகத்தால் ஒரு இடம் சுரண்டினேன், பச்சை இல்லை. கீழே இறங்கிச் சுரண்டினேன், இல்லை. அடி வரைக்கும் இல்லை. கிளை அறுக்கிற சின்ன வாளை எடுத்தேன். அவர் சாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அறுத்து முடிகிற வரைக்கும் விடவில்லை. ஆஸ்பத்திரி வேலியோரத்திலிருந்து நான் கிண்டி எடுத்ததில் பாதி, பச்சை மூடித் தொட்டிக்குள் போனது. இந்தமுறை நான்தான் போட்டேன்.

கார்த்திகையில் யாரோ ஒருவரின் கலியாணத்துக்கு மச்சாள் வந்தார். பின்வளவுக்கு வந்ததும் கண் நேராக மரத்துக்குத்தான் போனது.

“இன்னும் எறியேல்லையோ?” என்றார். பிறகு கிட்டப் போய்ப் பார்த்தார். “மற்றது எங்க?”

“செத்துப் போச்சு,” என்றேன். “சின்னது. நான்.”

“சும்மா இரும்.”

“நீங்கள்தானே மச்சாள் சொன்னீங்கள். நீங்கள் சொன்ன கணக்குப்படி நான் புரட்டாதியில போயிட்டன். ஒருத்தரும் ஒரு அர்ச்சனையும் செய்யேல்லை.”

மச்சாள் தம்பியைப் பார்த்தார். “தம்பி, இவவுக்கு வாய் கூடிப் போச்சு. நீ ஒண்டும் சொல்லேல்லையோ?”

அவர் கதிரையிலிருந்து எழும்பவில்லை. “அக்கா,” என்றார், “குளிருக்கு வெடிச்சது. வேற ஒண்டுமில்லை.”

“அப்ப நான் தந்த சாடி சரியில்லை எண்டு சொல்லுறாய்.”

“ஓம், அக்கா.”

அந்த இரண்டு வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்க ஒரு குளிர்காலம் தேவைப்பட்டது. எனக்கு ஒரு தண்டு செலவு. லாபமா நட்டமா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. மச்சாள் உள்ளே போய்த் தேத்தண்ணி கேட்டார், ஊற்றிக் கொடுத்தேன், சீனி காணாது என்றார், போட்டுக் கொடுத்தேன்.

அறுத்த இடத்தில் இப்போது ஒரு வட்டமான காயம் இருக்கிறது. போன்சாய் வைத்திருப்பவர்கள் காயத்தைப் பின்பக்கமாகத் திருப்பி வைப்பார்கள், பார்க்கிறவர் கண்ணில் படாமல். நான் அதை முன்பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறேன்.